பிள்ளையின் பல்லும் என் கல்லாவும்

வீட்டின் முன்பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவர்களும், வைக்கலாம் என்று யோசிப்பவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் பாதிச் சோறு அதில்தான் வருகிறது. முதல் எவ்வளவு போடுவது, எந்த லைன்காரரிடம் சரக்கு எடுப்பது, கடன் நோட்டு எப்படி எழுதுவது என்றெல்லாம் சொல்லித் தர எனக்கு ஆள் இருந்தது. கடைக்குப் பின்னால் வளருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தால் பதினாறாயிரம் ரூபாயும் பல ராத்திரித் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்குப் பக்கம். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் கட்டட வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடியற்காலை வண்டி பிடித்துப் போய்விடுவார். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். மகள் ஏழாவது, மகன் மூன்றாவது. கூட மாமியார். திண்ணையைச் சேர்த்துக் கட்டிக் கடை போட்டபோது தனி வாசல் வைக்க இடம் இல்லை, காசும் இல்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்துதான் வர வேண்டும். தலைக்கு மேல் சிப்ஸ் சரம், இடுப்பு உயரத்தில் கண்ணாடி ஜாடிகளில் தேன்மிட்டாயும் ஜெல்லியும், மிச்சச் சரக்கு அட்டைப்பெட்டிகளோடு பிள்ளைகள் படுக்கிற கட்டிலுக்கு அடியில்.

லைன்காரர் வந்தால் முதலில் பார்ப்பது சரம் தொங்குகிற இடத்தைத்தான். “அக்கா, இதைப் பசங்க கண்ணுக்கு நேரா மாட்டுங்க, ஓடும்” என்பார். உண்மைதான். உள் அலமாரியில் ஒரு வாரம் கிடக்கிற பாக்கெட், வாசலில் மாட்டினால் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். ருசி அதேதான், விலையும் அதேதான், இடம்தான் வேறு. அந்த வாசல் வழியாகத்தான் என் பிள்ளைகளும் தினம் ஏழெட்டுத் தடவை போய் வந்தார்கள்.

இரண்டு பேரும் அரசுப் பள்ளி. சின்னவனுக்குக் காலைச் சாப்பாடே பள்ளியில் கிடைத்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவுத் திட்டம் வந்ததே, அதுதான். மதியம் சத்துணவு, முட்டை. அப்படிப் பார்த்தால் பள்ளி நாளில் என் கையில் இருந்தது சாயங்காலமும் ராத்திரியும்தான். நாலரை மணிக்குப் பையைத் தூக்கிப் போடுவதிலிருந்து ஏழரைக்குச் சாப்பிட உட்காரும் வரை மூன்று மணி நேரம். அதற்குள் ஒரு சிப்ஸ் பாக்கெட், அப்புறம் டீயும் பிஸ்கட்டும், யாருக்காவது சில்லறை எடுத்துக் கொடுக்க வந்த சாக்கில் ஒரு மிட்டாய், வீட்டுப்பாடம் எழுதும்போது இன்னொன்று. இதில் பசிக்குத் தின்றது முதல் பாக்கெட் மட்டும்தான். மற்றதெல்லாம் கண்ணில் பட்டதால் தின்றது. ராத்திரி களி கிண்டி வைத்தால் “வேணாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு” என்று இரண்டு பேரும் எழுந்துவிடுவார்கள்.

முதலில் வந்தது சின்னவனுக்குப் பல்வலி. நடுராத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவான். கிராம்பு வைப்பேன், உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொல்வேன். விடிந்தால் வலி குறைந்து பள்ளிக்குப் போய்விடுவான். “பால் பல்லுதானே, விழுந்துடும்” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு கிளினிக்கிலும் அதையே சொல்லி, வலி மாத்திரை எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார்கள். சில மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் காலையில் கன்னம் வீங்கிக் கண் வரை இழுத்துக்கொண்டது. கடையைச் சாத்திவிட்டு, அவனைத் தூக்காத குறையாகப் பஸ் ஏற்றித் தர்மபுரியில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் மேஸ்திரி லீவு தரவில்லை. அந்த நாற்காலியில் பிள்ளை கையைக் காலை உதைக்க, நான் ஒருத்தியாக அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவிக்கு இருந்த பெண் “கடை வெச்சிருக்கீங்களா, அதான்” என்றது. அழுகை வந்தது. கோபமும் வந்தது. கடை வைத்த குற்றத்துக்கு ஊசியும் போட்டு உபதேசமுமா என்று இருந்தது.

ஆனால் அந்த டாக்டர் சொன்ன இரண்டு விஷயம் எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டியவை. ஒன்று, முன்பக்கப் பால் பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால் பற்கள் அப்படியில்லை, பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்து சோறு மெல்ல வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொண்டு, அடியிலிருந்து வர வேண்டிய பல்லுக்கு வழி இல்லாமல் போகலாம். இன்னொன்று, ஆறு வயதுவாக்கில் எல்லாப் பால் பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால் அதையும் பால் பல் என்றுதான் நினைப்போம். அது நிலையான பல், போனால் திரும்ப வராது. என் பையனுக்கு அதிலும் சொத்தை ஆரம்பித்திருந்தது. உங்கள் பிள்ளைக்கு ஆறு வயது தாண்டியிருந்தால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துக் கடைசிப் பல்லின் மேல்பக்கத்தைப் பாருங்கள். பள்ளத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் அடைத்துவிட்டால் செலவு நூறுகளில் முடியும்.

எங்களுக்கு முடியவில்லை. இரண்டு பால் பல்லுக்கு வேர் சிகிச்சை, மேலே ஸ்டீல் மூடி, நிலையான பல்லுக்கு அடைப்பு, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து ஐந்நூறு. நகைக் கடனில் எடுத்த காசு. போய் வந்த நாளெல்லாம் கடை பூட்டிக் கிடந்ததைத் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு வந்து போகிற மருத்துவக் குழு பல்லையும் பார்த்து, தேவைப்பட்டால் சீட்டு எழுதி அனுப்புவார்கள். அவர்கள் வரும் நாளை வகுப்பு டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாயில் ஏதாவது போடுகிறான்?” என்று டாக்டர் கேட்டார். எவ்வளவு என்று கேட்கவில்லை, எத்தனை தடவை என்று கேட்டார். ஒவ்வொரு தடவை இனிப்போ மாவோ வாயில் போனதும் அங்கே இருக்கிற கிருமி அதைப் புளிக்க வைத்து அமிலமாக்குகிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த பிஸ்கட் போனால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. மிட்டாய்தான் எதிரி, பிஸ்கட்டும் சிப்ஸும் பரவாயில்லை என்று இருந்தோம். அவை பல் இடுக்கில் மாவாக ஒட்டிக்கொண்டு நெடுநேரம் கிடக்கும். ஒரே வேளையில் நாலு பிஸ்கட் தின்பதைவிட, நாலு வேளையாக ஒவ்வொன்று தின்பதுதான் பல்லுக்கு அதிகக் கேடு. கடைக்குள்ளேயே வளருகிற பிள்ளை தின்பது இந்த இரண்டாவது விதம்.

அது முடிவதற்குள் மகள். பள்ளியில் மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.4. அவள் வயதுக்கு 12 இருக்க வேண்டும். ராத்திரிச் சோற்றைத் தள்ளிவிட்டு டீயில் நனைத்த ரஸ்க்கோடு படுத்துவிடுகிற பழக்கம், கூடவே பெரிய மனுஷியாகி ஒரு வருஷம். பள்ளியில் வாரம் ஒரு நீல இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். குமட்டுகிறது என்று பையில் போட்டு வைத்திருந்தாள், ஒரு கைப்பிடி கிடைத்தது. வெறும் வயிற்றில் போடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் அவ்வளவாக இல்லை. “ராகி நிறையக் கொடு, ரத்தம் ஊறும்” என்று ஊரே சொன்னது. ராகியில் கொட்டிக் கிடப்பது சுண்ணாம்புச் சத்து, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல், பாலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். இரும்பு அதில் சுமார்தான், அதுவும் முழுதாக உடம்பில் சேராது. முளைகட்டினால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். டீ அதைத் தடுக்கும், எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்க்கும். அவளுக்கு ரத்தம் ஏறியது டாக்டர் கொடுத்த மருந்தால்தான். தீனி மாறியதால் அது திரும்ப இறங்காமல் நிற்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

“எல்லாத்தையும் பூட்டி வை” என்றார் வீட்டுக்காரர் போனில். கட்டிலுக்கு அடியில் இருந்த சரக்கை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஜாடிகள் வாசலிலேயே இருந்தன, தொட்டால் அடி என்று சொல்லி வைத்தேன். அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் கசக்கிறது. மகள் சாவியைக் கண்டுபிடித்தாள். சின்னவன் அவன் ஆயா, அதாவது என் மாமியார் சுருக்குப்பையிலிருந்து காசு எடுத்து அடுத்த தெருக் கடையில் வாங்கித் தின்றான். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் தட்டு மிக்சரையும் அவனே காலி செய்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு ஆராய்ச்சி கண்ணில் பட்டது. 1999-ல் ஃபிஷர், பர்ச் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. தின்பண்டத்தைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மேசை நடுவில் வைத்து, இப்போது தொடக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் அதையே பேசினார்கள், அதற்கே கை நீட்டினார்கள். தடை இல்லாத பண்டத்தின் மேல் அந்த அளவு ஆசை வரவில்லை. படித்ததும் வாசலில் இருந்த தேன்மிட்டாய் ஜாடியைத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் லைன்காரர் சொன்னதைத் திருப்பிப் போட்டேன். கண்ணுக்கு நேரே இருப்பது ஓடும் என்றால், வீட்டுக்குள் கண்ணுக்கு நேரே எது இருக்க வேண்டும் என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்? முதல் வேலை, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பும் ஒரு கதவும். ஆசாரி கூலியோடு இரண்டாயிரத்து எண்ணூறு. இத்தனை செலவில் இது ஒன்றுதான் பிரயோஜனமானது என்று எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்வேன். பிள்ளைகள் இப்போது சந்து வழியாகப் பின்வாசலில் வந்து நேரே சமையல்கட்டில் நுழைகிறார்கள். மிச்சச் சரக்கு கடைப் பரணுக்குப் போய்விட்டது. பின்வாசலில் நுழைந்ததும் தெரிகிற மாதிரி ஒரு முக்காலியில், மூடி இல்லாத பாத்திரத்தில் அன்றைய தீனி. மூடி இல்லாமல் என்பது முக்கியம். தட்டுப் போட்டு மூடி அடுப்புத் திண்ணையில் வைத்த நாளில் தேடி எடுக்க ஆள் இல்லை. நாலேகாலுக்குள் வெந்து இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். “பத்து நிமிஷம் இரு, செஞ்சு தர்றேன்” என்று சொன்னால் அந்தப் பத்து நிமிஷத்தில் கடை ஜெயித்துவிடும். அதனால் மதியம் கடையில் ஆள் வராத நேரத்திலேயே குக்கரை வைத்துவிடுகிறேன்.

என்ன வைப்பது என்பதற்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை, கடைச் சரத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது, அவ்வளவே. கார்த்திகையிலிருந்து தை வரை அவரைக்கொட்டையும் துவரைக்காயும் வேகவைத்து உப்புப் போட்டால் போதும். பச்சைக் கடலைக்காய் வரத்து இருக்கும்போது அரை கிலோ வேகவைத்தால் நாலு பேருக்கும் ஆகும், விலையும் நாலைந்து பாக்கெட் சிப்ஸ் அளவுதான். தோலை உரித்துத் தின்ன நேரம் பிடிப்பதால் பிள்ளை அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருகிறான், அது எனக்குக் கூடுதல் லாபம். சோளக்கதிர், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பனங்கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் கரட்டுப் பக்கமிருந்து கூடையில் வருகிற சீத்தாப்பழம். எதுவும் கிடைக்காத நாளுக்குக் கொள்ளுச் சுண்டல், அல்லது முருங்கைக்கீரை போட்ட ராகி அடை. 2023-ல் நீலகிரியிலும் எங்கள் மாவட்டத்திலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள், அந்த ராகி அடைக்கே சரியாகிவிடுகிறது. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் முழுக் கடலையை எட்டாத இடத்தில் வையுங்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

கொள்ளுச் சுண்டலைச் சின்னவன் முதலில் தொடவே இல்லை. ஒரு புது ருசியைப் பிள்ளைகள் ஏற்கப் பத்துப் பதினைந்து தடவை வரை கண்ணில் காட்ட வேண்டியிருக்கும் என்று படித்திருந்ததால் திட்டாமல் வைத்துக்கொண்டே இருந்தேன். என்ன தீனி, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது என் முடிவு. எவ்வளவு தின்பது, தின்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. இது எலின் சாட்டர் என்கிற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன முறை. கேட்க எளிதாக இருக்கும். செய்து வைத்ததைத் தொடாமல் பிள்ளை பசியோடு திரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதில்லை, அதுவும் பக்கத்தில் மாமியார் இருந்தால்.

அத்தைக்கு இதெல்லாம் கௌரவக் குறைச்சல். “கடைக்காரி வீட்டுப் புள்ளைங்க ஒரு பிஸ்கட்டுக்கு ஏங்கணுமா?” என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்பார். அவரோடு வாதம் செய்து பயனில்லை. நான் கடன் நோட்டைத்தான் காட்டினேன். பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் நமக்கு நிற்பது ஒரு ரூபாய் சொச்சம். வீட்டில் ஒரு பாக்கெட் பிரிந்தால் அந்த முதலை எடுக்கவே ஏழெட்டுப் பாக்கெட் விற்க வேண்டும். பிள்ளைகள் தின்றதை ஒரு மாதம் தனிப் பக்கத்தில் எழுதி வைத்துக் கூட்டினால் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. “ஒரு மாசத்து கரண்ட் பில்லும் கேஸும்டி இது” என்றார் அத்தை. அன்றிலிருந்து அவரே சுண்டலுக்குத் தாளிக்கிறார், கொஞ்சம் எண்ணெய் அதிகம், போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு பாக்கெட், அவர்கள் கேட்டது எதுவோ அது. சிப்ஸ் என்றால் சிப்ஸ்தான், அதற்கு முகம் சுளிப்பதில்லை. அதற்கான காசு என் பர்ஸிலிருந்து கல்லாவுக்குப் போகிறது, நோட்டில் எழுதுவது மகள்.

வீட்டுக்காரரை மாற்றுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்காத மனுஷன் பெங்களூர் பேக்கரியிலிருந்து தில்பசந்தும் கேக்கும் வாங்கி வந்தால் எந்த வாயால் வேண்டாம் என்பது? அதை நிறுத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரியே எல்லோருமாக உட்கார்ந்து தின்று முடிக்க வேண்டும், மிச்சம் அலமாரிக்குப் போகக் கூடாது என்று மட்டும் பேசிக்கொண்டோம். முன்பு அந்தப் பெட்டி புதன்கிழமை வரை பிரிட்ஜில் இருக்கும், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு துண்டு கிள்ளுவார்கள்.

பாக்கெட்டுகளின் பின்பக்கத்தை நானும் இப்போதுதான் படிக்கிறேன். பொருட்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயரில் சர்க்கரை இருந்தால் அது மிட்டாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மேலே கோதுமைக் கதிர் படம் போட்டிருந்தாலும் சரி. நான் விற்கிற ஒரு கிரீம் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 35 கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 40 கிராமைத் தாண்டக் கூடாது, அதில் பாதியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. பாலில் கலக்குகிற மால்ட் பவுடரும் இதே கதைதான். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் அவற்றை விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு 2024 ஏப்ரலில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. வெல்லம் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல்லில் இருக்கிற கிருமிக்கு வெல்லமும் சர்க்கரைதான், கடலைமிட்டாய் ஒட்டிக்கொள்வது போல எதுவும் ஒட்டாது. அதைச் சோற்றுக்குப் பிறகு கொடுத்து, வாய் கொப்புளிக்கச் சொல்கிறேன். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமான பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. சமையல்கட்டிலிருந்து ஐந்தடி தூரத்தில் விற்பதற்கு ஒரு விதியும் இல்லை, அந்த விதியைப் பிளைவுட்டில் நானே போட்டுக்கொண்டேன்.

இன்னும் பிடிபடாதது மே மாதம். பள்ளிச் சாப்பாடு இரண்டு வேளையும் நின்றுவிடும், பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில், நானோ வெயில் நேரத்து ஜூஸ் வியாபாரத்தில். போன வருஷம் பின்வாசல் கதவு சும்மாதான் கிடந்தது, கடை வழியாகவே ஓடினார்கள். இந்த வருஷம் காலை பதினொன்று, சாயங்காலம் நாலரை என்று இரண்டு வேளைத் தீனி மட்டும் என்று வைத்திருக்கிறேன். நடுவில் தாகம் என்றால் மோரும் தண்ணீரும். ஒரு தண்ணீர்ப் பானை பின்வாசல் பக்கமே இருக்கிறது. செந்தூராவும் பெங்களூராவும் கூடை கூடையாக வருகிற மாதம் என்பதால் பதினொரு மணிக்கு மாம்பழம். எத்தனை என்று நான் எண்ணுவதில்லை.